நூற்றுக்கு இரண்டரை

கித்தீலா,
வட பின்லாந்து,
18 செப்டம்பர் 1988

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்பே சேதி சொல்லிவிடுகிறது. உன் இருமல் விட்டதா? துர்க்குவில் இன்னும் கோடை மாதிரியே இருக்கிறதாமே, ரேடியோவில் சொன்னார்கள். அனுபவி.

பெரிய செய்தி. உன் தங்கை ஐம்பத்து நாலு வயதில் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். மூன்றாவது முறை. இந்தத் தடவை சோதனை அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, "அம்மா, உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றான். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் தன் பழைய நீல வண்டியை எனக்கே கொடுத்துவிட்டார். நீ வைத்திருக்கும் கம்பெனிதான், உன்னுடையதைவிட ஒரு சுற்றுச் சின்னது.

சந்தோஷத்திலும் ஒரு தலைவலி. வண்டியோடு கோடை டயர் மட்டும்தான் வந்தது. என் அளவில் ஆணி பதித்த குளிர்கால டயர் ஊரில் ஒன்றுகூட இல்லையாம். டயர்க்கடை ஆர்வோ, "ரொவானியெமியிலேருந்து வரணும், நவம்பர் கடைசி ஆயிடும், அதுவரைக்கும் நடந்து போங்க" என்கிறான். இருபத்து மூன்று கிலோமீட்டர் நடந்துபோய்ப் பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சமைக்க வேண்டுமாம்! காலை பஸ்ஸையும் இந்த வருடம் நிறுத்திவிட்டார்கள். அக்டோபரில் பனி விழுந்தால் சமையல்கட்டு கதி என்ன ஆகும்?

ஜூனில் நீ சொன்னது நினைவிருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு நீயே வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறாய், பன்றித்தொடை நீ, மற்றதெல்லாம் நான். நாம் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆறு வருடம் ஆயிற்று. இந்த உலகத்தில் எனக்கு மிச்சம் இருக்கிற சொந்தம் நீ ஒருத்தன்தான், அதை நான் வாயால் சொல்ல மாட்டேன், எழுதத்தான் வரும். போன் செய்தால் "சரி சரி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

உன் தங்கை,
ஹில்கா


துர்க்கு,
2 அக்டோபர்

ஹில்கா,

நலம். இருமல் போய்விட்டது. நீயும் நலமாக இருப்பாய் என்று உன் கடிதத்தின் சத்தத்திலிருந்தே தெரிகிறது.

லைசென்ஸுக்கு வாழ்த்து. சாலையில் போகிற மான்களுக்கு என் அனுதாபம்.

டயருக்கு அலையாதே. என் குளிர்கால டயர் நாலையும் ரிம்மோடு நாளை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். நான் இந்த மாதம் புதுசு வாங்கிக்கொண்டேன். போன குளிர்காலம் முழுக்க ஓட்டியதுதான், ஆணிகள் நன்றாக இருக்கின்றன. உன் வண்டிக்கு நூற்றெழுபத்தைந்து அளவு வரும், இது நூற்றெண்பத்தைந்து. பத்து மில்லிமீட்டர் அகலம் அதிகம், உயரமும் கொஞ்சம் கூடும். போல்ட் ஓட்டைகள் ஒன்றேதான். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் எங்காவது உரசலாம். ஆர்வோவிடம் சொல், அவனுக்குப் புரியும்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். இதை மறக்கிறவர்களின் சக்கரம் அவர்களை முந்திக்கொண்டு போகும்.

அண்ணன்,
கலேவி


கித்தீலா,
16 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

நான் நலம், நீல வண்டியும் நலம். நீ சாப்பிடுகிறாயா, இல்லை மீன் டப்பாவைத் திறந்து ஜன்னலோரம் நின்றபடியே முடிக்கிறாயா?

டயர்கள் வந்தன. பஸ் டிரைவர் நாலையும் உருட்டிக்கொண்டு வந்து, "ஹில்கா, யாராச்சும் பூ அனுப்புவாங்க, உனக்கு டயர் வந்திருக்கு" என்றான். நின்றிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு வெட்கமே இல்லை, பெருமைதான்.

ஆர்வோ முதலில் மூக்கைச் சுளித்தான். டேப் வைத்து அளந்தான், தலையைச் சொறிந்தான். "சைஸ் வேறம்மா" என்றான். "தெரியும்டா, மாட்டு" என்றேன். பின்சக்கரம் இரண்டும் தங்கள் வீடு மாதிரி போய் உட்கார்ந்துகொண்டன. முன்பக்கம் ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பினால் 'கர்ர்' என்றது. மட்கார்டுக்குள் இருக்கிற பிளாஸ்டிக்கை ஆர்வோ கத்தியால் இரண்டு விரல் அகலத்துக்குச் சீவினான். சத்தம் நின்றது.

"இன்னொண்ணு தெரிஞ்சிக்கோங்க. சக்கரம் பெரிசு, ஒரு சுத்துக்குக் கூடுதலா போகும். மீட்டருக்கு அது தெரியாது. நீங்க உள்ளபடி போறதவிட நூத்துக்கு ரெண்டரை கம்மியாத்தான் காட்டும்."

"அப்ப நான் வேகமா போறேன், வண்டி பொய் சொல்லுதா?"

"பொய்யில்லம்மா. அதுக்குத் தெரிஞ்சத சொல்லுது."

அன்று சாயங்காலமே பனி விழுந்தது, அண்ணா! ஆணிகள் தார் மேல் 'சரசர' என்று நடக்கிற சத்தம் இருக்கிறதே, பாட்டு மாதிரி இருந்தது. வியாழக்கிழமை பட்டாணி சூப் நேரத்துக்கு அடுப்பில் ஏறிவிட்டது. உனக்குக் கோடி நன்றி.

ஒன்று கேட்க மறந்தேன். கடிதத்தை ஏன் இவ்வளவு கொட்டை எழுத்தில், அதுவும் பெட்டி மேல் விலாசம் எழுதுகிற தடிப் பேனாவில் எழுதியிருக்கிறாய்? ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் வருகிறது. என்னைக் குருடி என்று நினைத்தாயா?

கிறிஸ்துமஸுக்கு இன்னும் எழுபது நாள்.

ஹில்கா


துர்க்கு,
30 அக்டோபர்

ஹில்கா,

நலமே. துறைமுகப் பட்டறையில் அந்தப் பேனாதான் கிடைத்தது. கிழவனுக்கு எதுவாக இருந்தால் என்ன.

உரசல் நின்றதில் சந்தோஷம். போல்ட்டை முறுக்கினாயா? எழுது.

கிறிஸ்துமஸ் பற்றி அப்புறம் பார்க்கலாம். டிசம்பரில் பட்டறையில் ஆள் குறைவு. இங்கே ஒரே மழை.

கலேவி


கித்தீலா,
8 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஒரு குறையும் இல்லை. மைனஸ் பதினெட்டு. சௌனாக் குளியலறையின் அடுப்பை மூட்டிவிட்டு, அது சூடேறும் இடைவெளியில் எழுதுகிறேன். உனக்கு முதுகு வலிக்கிறதா? "நலமே" என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

போல்ட்டை முறுக்கியாயிற்று. நானேதான், ஸ்பேனர் மேல் ஏறி நின்று. ஆர்வோ பார்த்துவிட்டு, "அம்மா, போதும், இனிமே கழட்டவே முடியாது" என்று கத்தினான்.

"பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். என்ன பார்க்கலாம்? உனக்குப் பின்னறையில் கட்டில் போட்டாயிற்று. கிறிஸ்துமஸ் முள்ளங்கிக் கூழுக்குக்கூடக் கிழங்கு சொல்லி வைத்துவிட்டேன். பட்டறையில் ஆள் குறைவு என்றால் அவர்கள் கவலை. போன வருடமும் ஆள் குறைவு, அதற்கு முந்தின வருடம் முதுகுப் பிடிப்பு. இந்த முறை எந்தக் காரணமும் எடுபடாது, சொல்லிவிட்டேன்.

அது சரி, புது டயர் என்ன வகை? ஆர்வோ கேட்கச் சொன்னான்.

ஹில்கா


கித்தீலா,
27 நவம்பர்

அண்ணா,

பத்தொன்பது நாளாகப் பதில் இல்லை. நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன்.

நேற்று பிளாஸ்டிக் மறுபடி முன் இடது சக்கரத்தில் பட ஆரம்பித்தது. ஆர்வோ வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டான். உள்பக்கம் சாக்பீஸில் உன் எழுத்து. "முன் இடது. வசந்தம் 87." அப்புறம் மற்ற மூன்றையும் கழற்ற வைத்தேன். நாலிலும் 87.

வசந்தத்தில் டயரைக் கழற்றும்போது எந்தப் பக்கம், எந்த வருடம் என்று எழுதுவது நீ எனக்குச் சிறு வயதில் சைக்கிளுக்கே செய்து காட்டிய பழக்கம். போன குளிர்காலம் முழுக்க ஓட்டினேன் என்றாயே, அப்படியானால் 88 என்றல்லவா இருக்க வேண்டும்? எண்பத்தேழு வசந்தத்தில் கழற்றிய டயரை நீ திரும்ப மாட்டவே இல்லை. ஆர்வோவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "குளிர்கால டயர் மாட்டாதவரு குளிர்காலத்துல வண்டி எடுக்கலம்மா" என்றான். அவன் மெதுவாகத்தான் சொன்னான், எனக்கு அடித்த மாதிரி இருந்தது.

நீ வண்டி ஓட்டவில்லை. போன ஜனவரியில் துறைமுகத்துக்கு ஓட்டிப் போனேன், உறைந்த கடலைப் பார்த்தேன் என்று எழுதியது பச்சைப் பொய். புது டயர் பொய். கொட்டை எழுத்துக்குச் சொன்ன பேனாக் கதையும் பொய்யாகத்தான் இருக்கும். பொய்யன், பொய்யன், பொய்யன்! உன் கண்ணுக்கு என்ன? சொந்தத் தங்கையிடம் சொல்ல என்ன கேடு? நேற்றுச் சமையல்கட்டில் வெங்காயம் இல்லாத சூப்புக்கு முன்னால் நின்று அழுதேன், அதை மறைக்கக்கூட முடியவில்லை.

என் வண்டி மீட்டர் மாதிரி நீயும் எல்லாவற்றையும் குறைத்தே காட்டுகிறாய். அதற்காவது சக்கரம் பெரிசானது தெரியாது. உனக்குத் தெரியும்.

உடனே எழுது.

ஹில்கா


துர்க்கு,
8 டிசம்பர்

அன்புள்ள ஹில்கா,

இது கலேவி சொல்லச் சொல்ல, மாடிப்படி எதிர்வீட்டு மிர்யாம் எழுதுவது. என் கையெழுத்து இல்லையே என்று பயப்படாதே. நவம்பர் முதல் மிர்யாம்தான் உன் கடிதங்களையும் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள்.

சாக்பீஸை மறந்துவிட்டேன். மறைக்க வேண்டியதை எல்லாம் மறைத்தவன் அதைத் துடைக்கவில்லை. உண்மை இதுதான். இரண்டு கண்ணிலும் திரை விழுந்திருக்கிறது. போன குளிர்காலத்துக்கு முன்பே எதிரே வரும் வெளிச்சம் எல்லாம் பால் மாதிரி பரவ ஆரம்பித்தது. குளிர்காலம் முழுக்க வண்டியைத் தொடவில்லை, ஏப்ரலில் விற்றுவிட்டேன். பட்டறையை விட்டும் ஓய்வு பெற்றாயிற்று. ஜூனில் நீ வருவாயா என்று கேட்டபோது என் வாய் தானாக "வண்டியிலேயே வர்றேன்" என்றது. சொன்ன பிறகு திரும்ப எடுக்கத் தெரியவில்லை.

வண்டியோடு டயரைக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. நிலவறையில் அது இருக்கும்வரை நானும் வண்டி ஓட்டுகிறவன் என்று ஒரு நினைப்பு. உன் செப்டம்பர் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது, சரி, இனி ஓட்டுகிறவள் அவள் என்று தோன்றியது. அனுப்பிவிட்டேன். அன்று இரண்டு பங்கு காப்பி குடித்தேன்.

வலது கண்ணுக்குப் பிப்ரவரியில் அறுவை சிகிச்சை. டாக்டர் பார்வை வரும் என்கிறார். அதனால் கவலைப்படாதே. முந்தாநாள் நம் சுதந்திர தினத்தன்று, வழக்கப்படி ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி வைத்தேன், எனக்கு அது ஒரே வெளிச்சமாகத் தெரிந்தது, அதுவும் அழகாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. ரயில் மாற, மேடை தேட எனக்கு இந்த இருட்டில் தைரியம் இல்லை. மன்னித்துவிடு. நீ இதையெல்லாம் இவ்வளவு நிதானமாக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய், எனக்கு ஆச்சரியம். கோபிப்பாய் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

நீ இங்கே ஓட்டிக்கொண்டு வரலாம் என்று மட்டும் நினைக்காதே. முதல் குளிர்காலம் உனக்கு. வேண்டாம்.

அண்ணன் கலேவி
(எழுதியது மிர்யாம். உங்கள் அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார், நான் பார்த்துக்கொள்கிறேன்.)


கித்தீலா,
19 டிசம்பர்

அன்புள்ள அண்ணா,

நிதானமாகவா? நானா? அதை நேரில் பேசிக்கொள்வோம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் கிளம்பியிருப்பேன், அதனால் வேண்டாம் என்று சொல்ல உனக்கு வழியில்லை. இருபதாம் தேதி காலை புறப்பட்டு ஔலுவில் ஓர் இரவு, யுவாஸ்கூலாவில் ஓர் இரவு, இருபத்திரண்டு மத்தியானம் உன் வாசல். பகல் வெளிச்சம் இருக்கிற நேரத்தில்தான் ஓட்டுவேன், அது எவ்வளவு கொஞ்சம் என்று நீயும் அறிவாய், அதனால் பொறுமையாக இரு. எனக்குப் பயமா என்று கேட்டால், ஆம். வராமல் இங்கே உட்கார்ந்திருக்க அதைவிடப் பயம்.

ஆர்வோ காற்று, எண்ணெய், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டான். "மான் நின்னா ஹார்ன் அடிக்காதீங்க, பிரேக் அடிங்க" என்றான். "டேய், நான் அதுங்களோடதான் வளர்ந்தேன்" என்றேன்.

மிர்யாம், இதை அப்படியே வாசியுங்கள். காப்பி தயாராக இருக்கட்டும். பன்றித்தொடையை நான் கொண்டு வருகிறேன்.

ஹில்கா


கித்தீலா,
8 ஜனவரி 1989

அன்புள்ள அண்ணா,

சுகமாக வந்து சேர்ந்தேன். வழியில் எல்லாம் சுகம், சமையல்கட்டும் சுகம். நீ கண்ணில் சொட்டு மருந்து விடுகிறாயா? மிர்யாமின் காலுக்குத் தைலம் தேய்க்கச் சொல்.

போகும்போது சாலைப் பலகைகளைக் கூட்டிப் பார்த்தால் ஆயிரத்துப் பத்து கிலோமீட்டர். மீட்டர் தொள்ளாயிரத்து எண்பத்தாறு என்றது. இருபத்து நாலு கிலோமீட்டரை வண்டி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன், என் இடுப்பும் எடுத்துக்கொண்டது.

பண்டிகைக்கு முந்தின நாள் உங்கள் ஊர்ச் சதுக்கத்து மாடத்திலிருந்து படிக்கிற கிறிஸ்துமஸ் அமைதி அறிவிப்பை வருடாவருடம் ரேடியோவில் கேட்டிருக்கிறேன். இந்த முறை அதே சதுக்கத்தில், உன் கையைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு மணி அடிப்பதை என் காதாலேயே கேட்டேன். நீ மாடத்தைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தாய். "என்ன அண்ணா?" என்றேன். "சத்தம் நல்லா இருக்கு, அதான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, உன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உன்னை நேரில் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தாய், மறந்துவிட்டது.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் புறப்படும் முன் நீ வாசலில் மண்டி போட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, பதினாறு போல்ட்டையும் தடவித் தடவி முறுக்கினாயே. நேற்று ஆர்வோ இறுக்கம் அளக்கிற தன் கருவியை வைத்துப் பார்த்தான். ஒன்றொன்றாக. பதினாறும் ஒரே இறுக்கம்.

"இது யாரு போட்டது?"

"எங்க அண்ணன். கண்ணு தெரியாதவன்."

கருவியைக் கீழே வைத்தான். "கை தெரிஞ்சவரு" என்றான். கடைக்குள் போய்க் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தான். அவன் யாருக்கும் காப்பி கொடுத்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரிக்கு என் பிரார்த்தனை.

ஹில்கா


துர்க்கு,
12 மார்ச் 1989

அன்புள்ள ஹில்கா,

எழுத்தைப் பார். ஒரு பக்கத்துக்கு முப்பது வரி. பேனாவும் சாதாரணப் பேனா.

முதலில் உடம்பு. குறைக்காமல் சொல்கிறேன். இடது கண் இன்னும் திரைக்குள் இருக்கிறது, அதற்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். வலது கண் தெரிகிறது. கண்ணாடி பாட்டில் அடிபோலக் கனம். படி இறங்கும்போது பயம் உண்டு, போன வாரம் ஒரு படி தவறி முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். முதுகும் வலிக்கிறது. போதுமா?

புதுக் கண்ணாடி வந்த மறுநாள், உன் கடிதங்களையெல்லாம் மேஜையில் பரப்பி முதலிலிருந்து நானே வாசித்தேன். நவம்பர் இருபத்தேழுக்கு வந்ததும் கதவைத் தட்டி மிர்யாமைக் கூப்பிட்டேன்.

"இதுல பொய்யன்னு மூணு தடவ எழுதியிருக்காளே!"

"ஆமா."

"நீ வாசிக்கவே இல்லையே? 'டயர்ல எண்பத்தேழுன்னு போட்டிருக்கு, கண்ணுக்கு என்னண்ணா, உடனே எழுது'ன்னுதானே வாசிச்ச?"

"அன்னிக்கு உங்க மூஞ்சி இருந்த இருப்புக்கு அவ்வளவுதான் தாங்கும்னு தோணிச்சு. மிச்சத்தை நீங்களே ஒரு நாள் படிப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் நீ அழுததையும் அவள் விட்டுவிட்டாள், ஹில்கா. வெங்காயம் இல்லாத சூப்புக்கு முன்னால் நின்று அழுதாய் என்று நான் மார்ச்சில்தான் தெரிந்துகொண்டேன். செப்டம்பர் கடிதத்தில் மிச்சமிருக்கிற சொந்தம் நான் ஒருத்தன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பூதக்கண்ணாடியில் நானேதான் படித்தேன். அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன். அதற்கு மிர்யாமைக் குறை சொல்ல முடியாது.

எனக்கும் நீதான். இதை வாயால் சொல்ல எனக்கும் வராது.

கோபம் தீர நீ திட்டியதற்குச் சேர வேண்டிய மன்னிப்பை இப்போது முழுசாகக் கேட்டுக்கொள்கிறேன், நூற்றுக்கு இரண்டரை கூடச் சேர்த்தே.

ஆணி டயரை ஈஸ்டர் முடிந்த மறு திங்கட்கிழமைக்குள் கழற்ற வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊரில் அப்போதும் முழங்கால் பனி இருக்கும், போலீஸும் கண்டுகொள்ள மாட்டான். ஏப்ரல் இருபதாம் தேதி ரயிலில் வருகிறேன். மேடை எண்ணைப் படிக்க ஒரு கண் போதும். பின்னறைக் கட்டில் இன்னும் இருக்கிறதல்லவா? ஆர்வோவைத் தொட விடாதே, நாலு டயரையும் நானே கழற்றுகிறேன். நீ சாக்பீஸ் மட்டும் எடுத்து வை. 89 என்று நான் எழுதுவதை நீ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

உன் அண்ணன்,
கலேவி